பெருமந்தத்துக்கு ஓமவாட்டர்

எங்கள் சேலையூர் வீட்டுச் சமையலறை அலமாரியில் இன்றைக்கும் ஓர் ஓமவாட்டர் பாட்டில் இருக்கிறது. தீர்ந்தால் உடனே புதிது வாங்கிவிடுவேன். வீட்டில் யாருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. என் மாமியாரை நினைத்துக்கொள்ள அதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்லாவரத்தில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வேலை தேடி அலைந்தார். அப்புறம் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து வருவார், பேச்சே இல்லை. கல்யாணமான புதிது. அந்த முதுகைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். ரயில்வேயில் ரிட்டையரான மாமனார், "அவனை யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. தானா சரியாகும். அதுவரைக்கும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருப்போம்" என்று சொல்லிவிட்டு, பேப்பரையும் மாலைக் காபியையும் நிறுத்தினார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான், பாவம்.

நான் அப்போது தபால் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஒரு மத்தியானம் ‘பெருமந்தம், பெருமந்தம்’ என்று உருப்போட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் டம்ளரில் ஓமவாட்டர் கலந்து கொண்டுவந்து நீட்டினார். செம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேச்சை மாமனாரால் கடைசிவரை மாற்ற முடியவில்லை.

"இந்தா, குடி. இன்னா துன்னே? காலையிலேர்ந்து மந்தம் மந்தம்னு பொலம்பிக்கினே கீறே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். இது வயிற்றில் வரும் மந்தம் இல்லை, தேசத்துக்கே வந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆலைகள் மூடி, ஊர் ஊராக ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். அப்போதிருந்த ஜனாதிபதி, அரசாங்கம் பெரிதாகக் கைவைக்க வேண்டாம், செலவை அடக்கிப் பொறுத்திருந்தால் சரியாகும் என்று நம்பினார். அடுத்து வந்தவர் கஜானாவைத் திறந்து, ரோடு போடு, அணை கட்டு, மரம் நடு என்று ஆட்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். எது சரி என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"மொத ஆளு உம் மாமனாரு மாதிரி" என்றார். டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, "ரெண்டாவது ஆளு மரம் நடச் சொன்னாரா?" என்று கேட்டார். நான் ஓமவாட்டரைக் குடித்து முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் காலை உள்ளறைக்குள் கடப்பாரையோடு போய் நின்றார். "எய்ந்து வா. பின்னாடி தென்னம்புள்ள வெக்கணும், பள்ளம் தோண்டு." கணவர் காதில் விழாததுபோல் கிடந்தார். மாமியார் தானே போய்த் தோண்டத் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தம் தாங்காமல் கணவர் எழுந்து வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். மத்தியானத்துக்குள் பள்ளம் தயார். மாமியார் எட்டிப் பார்த்து, "செவுத்துக்கு ரொம்ப கிட்ட கீதே. மூடிட்டு அந்தாண்ட தோண்டு" என்றார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "தோண்டின பள்ளத்தை மூடறது ஒரு வேலையா?" என்று கத்தினார். மண் அப்பிய முகத்தோடு நின்ற கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன். அன்று மாலை மாமியார் யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் காபி போட்டார். மாமனாரும் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

அப்புறம் கணவர் வெளியே கிளம்பத் தொடங்கினார். கேம்ப் ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. பள்ளத்துக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் உண்டா என்று பரீட்சையில் கேட்டால் எனக்கு நிரூபிக்கத் தெரியாது.

மாமியார் போய்ப் பல வருஷமாகிறது. தென்னை காய்த்துக்கொண்டிருக்கிறது. போன மாதம் எங்கள் மகனின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவனும் அதே உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "அவனை விடுங்க, தானா சரியாயிடும்" என்றேன், இத்தனை வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய நான். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சமையலறைக்குப் போய், டம்ளரில் ஓமவாட்டர் கலந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீ இதைக் குடி. நான் போய்க் கடப்பாரையை எடுத்துட்டு வரேன்."