இடிதாங்கிக்கு ஒரு மீட்டர்

கடலுக்கு நடுவே காற்றாலைகளைப் பழுது பார்த்த இருபத்திரண்டு ஆண்டுகளும் அந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டாளிகள் 'இடிதாங்கி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று, கழற்றிப் போட்ட சர்ஜ் அரெஸ்டர் ஒன்றை அதன் மீட்டரோடு கேட்டு வாங்கி வந்து ஷோகேஸில் வைத்தார். அதைப் பார்த்தாலே படகின் டீசல் வாடையும் கோபுரத்துக்குள் ஊளையிடும் காற்றும் திரும்பி வந்துவிடும்.

தூசி தட்டிய மனைவி கேட்டாள்: "இதென்ன முப்பத்தேழுன்னு காட்டுது?"

"மின்னல் அடிச்சு வோல்டேஜ் எகிறினா, இது தன்மேல வாங்கிக் கடலுக்குள்ள இறக்கிடும். அப்படி வாங்குனது முப்பத்தேழு தடவை."

"ஆயுசுக்கும் அவ்வளவுதானா? கரைக்கு வந்ததும் நீங்க என்மேல இறக்குன கோபத்துக்கு எனக்கொரு மீட்டர் மாட்டியிருந்தா, முதல் வருஷமே சுத்தி முடிஞ்சிருக்கும்."

சிரிக்க வாய் திறந்தவர் பாதியில் நிறுத்தினார். "இடிதாங்கிப் பட்டத்தை ஆள் மாத்திக் கொடுத்துட்டாங்க," என்றார்.