ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

மத்தியானத்திலிருந்து மேட்டு லயத்துக் குடியிருப்பு வரிசையில் கத்தி தீட்டும் சத்தம் ஓயவில்லை. கட்டுகஸ்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அன்று ஞாயிறு, வேலை கிடையாது. தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்திகளுக்கு மட்டும் வேறு வேலை வந்திருந்தது.

சண்டை, ஓடையிலிருந்து குழாய் வழியே பீலியில் விழும் தண்ணீருக்கு. 1931 மாசியில் மழை ஏமாற்றிவிட, மேட்டு லயத்தார் ஓடையை மறித்துத் தங்கள் பீலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளத்து லயத்தார் முந்தின நாள் வந்து அணையை உடைத்தார்கள். கூடவே மேட்டு லயத்தான் ஒருவன் மண்டையையும்.

சின்னமுத்து மேட்டு லயத்துக்காரர். மகள் வீரம்மாவைக் கட்டிக் கொடுத்ததோ பள்ளத்து லயத்து இராமையாவுக்கு. அணையை உடைத்தவர்களில் அவனும் ஒருவன்.

"முத்தண்ணே, ஒங்க மருமகன் தல எனக்குத்தான்," என்றான் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராஜலிங்கம்.

"அவனுக்குப் பேரு இராமையாடா. ஒங் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன்."

"இப்ப அவன் பள்ளத்தான். அம்புட்டுதான்."

பெரும் போரின்போது வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு மண் வெட்ட பஸ்ரா போய் வந்தவர் சின்னமுத்து. அங்கும் எதிரே இருந்தவனுக்குப் பெயர் கிடையாது, துருக்கன், அவ்வளவுதான். புதைக்கத் தூக்கும்போது அவன் சட்டைப்பையில் குழந்தை வளையல் கிடக்கும். பீரங்கி அடித்தவன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. இங்கே வெட்டப்போகிறவனுக்கு முகம் தெரியும். தெரிந்தும் வெட்டுவான்.

கீழே கூச்சல் எழுந்தது. பள்ளத்தார் ஏறி வந்தார்கள்.

சின்னமுத்து, காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினார். தினமும் விடியலில் ஆட்களை வேலைக்கு அழைக்கும் தப்பு மேளம் அவர் பொறுப்பில் இருந்தது. தோல் இறுக அதைத் தீயில் காய்ச்ச நேரமில்லை. அப்படியே அடித்தார்.

பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான் விழும், கூலி பாதிதான். அந்தப் பயம் எல்லோர் கால்களிலும் ஊறியிருந்தது. பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். ஏறி வந்த பள்ளத்தாரும் இறங்கிய மேட்டாரும் பழக்கத்தில் களத்துக்கே ஓடி வந்து வரிசையில் முட்டிக்கொண்டார்கள். பெரட்டில் லயம் பார்ப்பதில்லை, வேலையைத்தான் பார்ப்பார்கள். கொழுந்துக்காரிகள் ஒரு வரிசை, கவ்வாத்துக்காரர்கள் ஒரு வரிசை. ராஜலிங்கத்தின் தோள் இராமையாவின் தோளில் இடித்தது. இருவர் கையிலும் கத்தி.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எவன்டா ஞாயித்துக்கெழம பெரட்டுக் கூப்பிட்டது?"

"நாந்தாங்க. படுத்து எந்திரிச்சேன், விடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேங்க."

"பொழுது சாயுதுடா மடையா! குடிச்சிருக்கியா?"

"ஆமாங்க," என்றார், கள்ளையே தொட்டறியாத சின்னமுத்து.

"கனவுல கொழுந்து நிறுத்துக்கிட்டிருந்தாரு போல!" என்றாள் பேச்சியம்மா, கூடையை இறக்கியபடி. பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆண்கள் சிலரும் சிரித்தார்கள். அப்போதுதான் கணக்கப்பிள்ளை கத்திகளைக் கவனித்தார். எல்லாவற்றையும் அங்கேயே கீழே போடச் சொன்னார். தப்பையும் பிடுங்கிக்கொண்டார்.

"காட்டிக் குடுத்துட்டீங்கண்ணே," என்று காறித் துப்பினான் ராஜலிங்கம்.

தண்ணீர் யாருக்கு என்பது முடிவாகவில்லை. இராமையா கடைசி ஆளாகக் கத்தியைப் போட்டான். மாமனாரைத் திரும்பிப் பாராமல் இறக்கத்தில் நடந்தான். தேயிலைக்குள் அந்த முதுகு மறையும்வரை சின்னமுத்து அசையவில்லை.