காலண்டர் அட்டையில் வாங்கிய கையெழுத்துகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், முந்தின இரவு பார்த்த ஒன்பது மணி சீரியலைப் பற்றிப் பேசாமல் எங்கள் கம்பெனியில் காலை வேலை தொடங்கியதில்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகம் அது. காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டுகளை வைத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் பிரிவில் நான் இருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. கை வேலை பார்க்கும். வாய் கதையைப் பிரித்து மேயும்.

ஒரு வருஷம், விருதுநகரில் புதிதாகத் திறக்கவிருந்த ஜவுளிக்கடை ஒன்று காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தது. அட்டையில் சாமி படம் இல்லை. எங்கள் சீரியல் குடும்பமே பட்டு உடுத்தி நின்றது. கதாநாயகி, அவள் புருஷன், மாமனார், கொடுமைக்கார மாமியார். மெஷினிலிருந்து வந்த முதல் அட்டையைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். சூப்பர்வைசரிடம் போய் அட்டை ஒன்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"நாலு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கப் போறேண்ணே."

என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவுக மெட்ராஸ்ல இருக்காக. நீ டிவிக்குள்ள கைய விட்டு வாங்குவியாக்கும்?"

"பாத்துக்கிட்டே இருங்க, அவுகளே இங்கன வருவாக," என்றேன்.

வந்தார்கள். கடைத் திறப்பு விழாவுக்குக் கதாநாயகியும் மாமியாரும் வருகிறார்கள் என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. அன்று காலண்டர் லோடும் கடைக்குப் போக வேண்டியிருந்தது. "எண்ணி ஒப்படைக்க ஆள் வேணும்ல, நான் போறேண்ணே," என்று வேனில் ஏறிக்கொண்டேன். தெருவில் ஊரே நெருக்கிக்கொண்டு நிற்க, நான் கடையின் பின்வாசல் வழியாக உள்ளே போனேன்.

கதாநாயகியைச் சுற்றிக் கடை முதலாளி குடும்பமே நின்றது. நான் அட்டையை நீட்ட, கதாநாயகி பால்பாயிண்ட் பேனாவை வைத்து இழுத்தார். வார்னிஷ் போட்ட அட்டையில் அது வழுக்கிக்கொண்டு போனது. கம்பெனியிலிருந்து எடுத்துப் போயிருந்த மார்க்கர் பேனாவை நீட்டினேன். பளிச்சென்று விழுந்தது முதல் கையெழுத்து.

மாமியாரைக் காணவில்லை. தேடிப் போனால், சேலை மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கும்போதே வெளியில் நின்ற பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள்.

"அம்மா, ஒரு கையெழுத்து," என்றேன்.

சந்தேகமாகப் பார்த்தார். "மருமக முன்னாடி இருக்காளே. வழி தெரியாம வந்துட்டியா?"

"உங்களத் தேடித்தான்மா வந்தேன்."

"என்மேல கோவம் இல்லையா உனக்கு?"

"நேத்து அம்புட்டுக் கோவம் வந்துச்சும்மா. அந்தப் புள்ள தட்டுல இருந்த மீனை எடுத்துப் பூனைக்குப் போட்டீகளே! எங்க வீட்ல யாருக்கும் சோறு இறங்கல."

அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "ஏம்மா, அந்தப் பூனை மீனைத் தொடவே மாட்டேன்னு அடம் பிடிச்சது. அதைச் சாப்பிட வைக்க நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா?" என்றபடி கையெழுத்துப் போட்டார். கதாநாயகியுடையதைவிடப் பெரிதாக.

புறப்படும் நேரம் வாசலைப் பார்த்துத் தயங்கினார். "வாங்கம்மா, நான் முன்னால போறேன்," என்று அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசலில் ஒரு பெண், "பாவி! அந்தப் புள்ளய இந்தப் பாடு படுத்துறியே!" என்று பாய்ந்து வந்தாள்.

"மதினி, நாம பட்டாசு சுத்துறோம், காலண்டர் அடிக்கிறோம். இவுகளுக்கு ஏசுறதுதான் வேலை. அதை ஒழுங்காச் செஞ்சதுக்கா ஏசுதீக?" என்றேன் சத்தமாக. அந்தப் பெண் பாய்ச்சலை நிறுத்தினாள். பிறகு, "அதுக்காக மீனைப் பூனைக்கா போடுறது?" என்றாள். கூட்டமே சிரித்தது. மாமியார் கும்பிட்டபடி காரில் ஏறினார்.

மாமனார் சிரமம் வைக்கவில்லை. மல்லாங்கிணறில் கோயில் பொங்கலுக்கு நாடகம் நடிக்க வந்தவர், மேடைக்குப் பின்னால் வேஷத்தைக் கலைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அட்டை ஓரத்தில் அவர் கை ரோஸ் பவுடர் இன்னும் இருக்கிறது.

மீதி இருந்தது புருஷன்தான். ஒருநாள் இரவு சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு யாரோ புதிய ஆள் வந்தார். கீழே எழுத்து ஓடியது: 'இனி இவருக்குப் பதில் இவர்.' மறுநாள் கம்பெனியில் இழவு வீடு மாதிரி இருந்தது.

"போச்சா?" என்றாள் அக்கா. "இனி எந்தப் புருசன்கிட்ட வாங்குவ?"

"ரெண்டு பேருகிட்டயும்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

சில மாதங்களில் அந்தப் புதியவர் சிவகாசியில் ஒரு செல்போன் கடையைத் திறந்துவைக்க வந்தார். வரிசையில் நின்று அட்டையை நீட்டினேன். பேனாவைத் திறந்தவர், படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இது நான் இல்லையேம்மா."

"தெரியும் சார். ஆனா இப்ப அந்த வீட்டு மாப்பிள்ளை நீங்கதான?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இவரும் நானும் ஒரே ரூம்ல தங்கி வாய்ப்புத் தேடினவங்க. இவருக்கு மஞ்சள் காமாலை வந்து விலகினதாலதான் எனக்கு இந்த வேஷம் கிடைச்சது. இவர் முகத்துமேல நான் எழுத மாட்டேன்." பேனாவை மூடினார். "என்னை நம்பி இந்த அட்டையைக் குடுப்பியா? அவர்கிட்ட வாங்கி அனுப்பறேன்."

மூன்று கையெழுத்து விழுந்த அட்டை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றுகிற ஆளாகத் தெரியவில்லை. கம்பெனி விலாசத்தைச் சொல்லி, அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

"கூறுகெட்டவளே! இனி அது வந்த மாதிரிதான்," என்று அக்கா திட்டினாள். வாரங்கள் ஓடின. லாரி ஆபீசிலிருந்து பார்சலோடு ஆள் வரும்போதெல்லாம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "வரும்," என்பேன். பயமில்லாமல்தான் சொன்னேன்.

வந்தது. இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி. சூப்பர்வைசர் மெஷினை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் கூடினார்கள். பழைய புருஷனின் படத்தின் மேல் 'அன்புடன், உடம்பு தேறிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்து. அவர் காலடியில் சின்னதாக இன்னொன்று. அதற்கு முன்னால் 'இவருக்குப் பதில்' என்று எழுதியிருந்தது.

அக்கா கைகளை முந்தானையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள். "நம்ம பின் அடிக்கிற அட்டைதான இது," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அதைத் தாளில் சுற்றாமல், படம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலையில் வேலை முடித்து வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையெங்கும் வெள்ளிப்பொடி.

"எங்கன வாங்கினீக இதை?" என்றாள்.

ஜவுளிக்கடைப் பின்வாசலிலிருந்து ஆரம்பித்தேன். நான் பூனையிடம் வந்து சேர்வதற்குள் அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. "பரவாயில்ல, சொல்லுங்க," என்றாள்.