ஒயின் விருந்தில் கட்டன்சாயா

கொச்சி மட்டாஞ்சேரியில் அழகரின் மூக்கை நம்பி ஒரு மிளகுக் குடோனே நடந்துகொண்டிருந்தது. குத்தூசியால் சாக்கைக் குத்தி, உள்ளங்கையில் விழும் மிளகை ஒருமுறை முகர்ந்தால் போதும். வயநாட்டுச் சரக்கா, இடுக்கிச் சரக்கா, வழியில் எத்தனை மழை பார்த்தது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவான். அந்த மூக்குக்கு வாரம் ஒருமுறை அவன் செய்த உபசாரம், ஞாயிற்றுக்கிழமை தோப்பும்படி பாரில் இரண்டு பீர். பாட்டிலின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். குளிர் போதாது என்றால் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவான். மதுக்கடைகள் அடைத்துக் கிடக்கும் ஒண்ணாந் தேதி ஞாயிறில் வந்து தொலைத்தால், அவன் மனைவி இசக்கிசெல்வி அன்று அவனிடம் பேச்சே கொடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவனைத்தான் கிருஷ்ணபிரசாத் ஒயின் குடிக்க அழைத்தான். கிருஷ்ணபிரசாத் குடோன் முதலாளி. சின்ன வயதில் இரண்டு பேரும் மிளகு மூட்டைகளின் மேல் ஏறிக் குதித்து, கிருஷ்ணபிரசாத்தின் அப்பாவான பெரிய முதலாளியிடம் சேர்ந்தே அடி வாங்கியவர்கள். பிறகு ஒருவன் லண்டனுக்குப் படிக்கப் போனான், மற்றவன் சாக்குத் தைக்கப் போனான். அப்பா காலமானதும் திரும்பி வந்தவன், தர மேலாளர் என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கியிருந்தான். தனி அறை, ஏசி, கதவில் பெயர்ப் பலகை. அழகருக்கு அந்தப் பதவி வேண்டும். இருபத்திரண்டு வருஷம் மிளகுத் தூசியில் தும்மியாயிற்று, ஒரு கதவிலாவது தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கினான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பிரண்ட்ஸ் மாத்திரம். அந்த போஸ்ட் காரியமும் பேசலாம்," என்றான் கிருஷ்ணபிரசாத். "பின்னே, அங்க வெச்சு முதலாளின்னு விளிக்காதே கேட்டோ. பிரசாத்னு விளிச்சா போதும்."

"சரி முதலாளி," என்றான் அழகர்.

இசக்கிசெல்வி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "அங்க போயி பீர் இருக்கான்னு கேட்டுறாதீய. குடுத்ததக் குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்க," என்று புத்தி சொல்லி அனுப்பினாள்.

ஞாயிறு இரவு முதலாளி வீட்டு மேஜையில் மெழுகுவர்த்தி எரிந்தது. முதலாளியின் மனைவி ஸுப்ரியா பரிமாறினாள். எதிரே சந்தீப், கிருஷ்ணபிரசாத்தின் கல்லூரித் தோழன். களமசேரியில் ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தான். மிளகு மூட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஒயின் ருசிக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு மூன்று நாள் போயிருக்கிறான். கிருஷ்ணபிரசாத் பாட்டிலைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்து, பெரிய கோப்பையில் இரண்டு வாய் மட்டும் ஊற்றினான். பீர் என்றால் இது நுரைக்கே காணாது என்று அழகர் நினைத்துக்கொண்டான்.

சந்தீப் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினான். "மழை விட்ட காட்டு மண்ணு. பழைய மரப்பெட்டி. அபாரம்!"

"அதே, அதே!" என்று கிருஷ்ணபிரசாத் உருகினான். ஸுப்ரியா ஒரு வாய் குடித்துவிட்டு, தட்டைப் பார்த்து நல்லா இருக்கு என்றாள்.

அழகர் முகர்ந்தான். நனைந்து, காயாமல், அடி மூட்டையில் பத்து நாள் கிடந்த சணல் சாக்கின் நாற்றம். பாட்டிலுக்குள் பூஞ்சணம் ஏறியிருக்கிறது, சந்தேகமே இல்லை. இந்த நாற்றத்துக்காக அவன் எத்தனை லோடு திருப்பி அனுப்பியிருக்கிறான்!

ஆனால் குடோனில் ஒரு மரியாதை உண்டு. சரக்கு கெட்டிருந்தால் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதில்லை, கொண்டுவந்தவனின் மானம் போய்விடும். முகர்ந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு, பால் சேர்க்காத கட்டன்சாயா ஒன்று கேட்பான். சாயா வருவதற்குள் மற்றவன் மூட்டையைத் தைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பெரிய முதலாளி ஏற்படுத்திய வழக்கம் அது.

"அழகரே, நீ சொல்லு. எப்படி?" என்றான் கிருஷ்ணபிரசாத்.

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அழகர் கோப்பையைக் கீழே வைத்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான். "ஒரு கட்டன்சாயா கிட்டுமா?"

சந்தீப் இருமல் வரும்வரை சிரித்தான். "சேட்டா, இது பிரான்ஸ்லேந்து வந்த சாதனமாக்கும்!" கிருஷ்ணபிரசாத் சிரிக்கவில்லை. பெரிய முதலாளியின் மகனுக்கு அப்பாவின் வழக்கம் எதுவும் தெரிந்திருக்கவில்லை; அவமானத்தில் அவன் முகம் சிவந்துவிட்டது. அழகருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. ஸுப்ரியா மட்டும் எழுந்து போய்ச் சாயா போட்டாள். இரண்டு கிளாஸ் கொண்டுவந்தாள், ஒன்று தனக்கு.

மறுநாள் காலை கிருஷ்ணபிரசாத் சந்தீப்போடு குடோனுக்கு வந்தான். "அழகரே, தப்பா ஒண்ணும் நினைக்காதே. போஸ்ட் சந்தீப்புக்குக் கொடுத்தாச்சு. டேஸ்டுன்னு ஒண்ணு வேணுமில்லையா? நீ ஆறு மாசம் இவனுக்கு மிளகு பார்க்கப் படிப்பிச்சுக் கொடு."

அழகர் குத்தூசியைச் சாக்கிலேயே குத்தி நிறுத்தினான்.

"படிப்பிக்கேன். நேத்து நீங்க ஊத்துன ஒயின் கெட்டுப்போனது. பூஞ்சணம் புடிச்ச சாக்கு நாத்தம். இவரு அதைக் காட்டு மண்ணுன்னாரு. மொதப் பாடம் அதுதான்."

மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கிருஷ்ணபிரசாத் ஓரடி முன்னால் வந்தான். "அப்போ நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து உங்க வீட்டுல, கெட்ட சரக்குக்கு உங்கப்பா வெச்ச வழக்கப்படி கட்டன்சாயா கேட்டேனே, முதலாளி. இது குடோன், பாடம் நடத்தணும்னா வாய்விட்டுச் சொல்லத்தான் வேணும்."

பதவி ஒன்றும் மாறவில்லை. பெயர்ப் பலகை அடித்தாகிவிட்டதாம். சந்தீப் ஏசி அறையில் உட்கார்ந்து தாளில் கையெழுத்துப் போடுகிறான். ஆனால் லாரி வந்து நின்றால் கிருஷ்ணபிரசாத் அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வெயிலில் வந்து, அழகர் முகர்ந்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் நிற்கிறான்.