கட்டைவிரல் கூடிய கம்பி

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே வேலை துணி அளப்பது. அதுவும் சரியாகத் தெரியாது என்று நான் சொன்னால் செஞ்சி பஜாரில் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர் தப்பாக அளந்ததெல்லாம் அவர்கள் பக்கமாகத்தானே. மீட்டர் கோலால் அளந்து முடித்ததும் கோலின் நுனியில் கட்டைவிரலை வைப்பார். விரலுக்கு அந்தப் பக்கம்தான் கத்தரிக்கோல் விழும். கஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்த பிறகும் அந்த விரல் மட்டும் போகவில்லை. "வாங்கறவங்களுக்கு மனசு நெறையணும்" என்பார். கடை அவர் அப்பா காலத்துக் கடை, விரலும் அப்பா காலத்து விரல்.

கடையின் பின்கட்டில் என் தையல் மிஷின் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. கடையில் ரவிக்கைத் துணி வாங்குகிற பெண்கள் அப்படியே பின்னால் வந்து என்னிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். எதிர் வரிசையில் ஒரு டெய்லர் கடை வைத்திருந்தார். "வீட்டுப் பொம்பளைங்க கிழிசல் தைக்கலாம். கல்யாணத்துக்குத் தைக்க முடியுமா?" என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதுக்கும் வந்து சேர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து பக்கத்து அனந்தபுரத்து அம்மா ஒருவர், தன் பெண்ணின் கல்யாண ரவிக்கைகள் முழுவதையும் தைக்க என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன். எனக்கு வந்த முதல் கல்யாண வேலை அது. நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் பெயர் நிற்கும், இல்லையென்றால் ஆயுசுக்கும் கிழிசல்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

துணியை வெட்டி வைத்து, பாதி கூடத் தைத்திருக்க மாட்டேன், மிஷினின் கம்பி ஒடிந்தது.

காலால் மிதிக்கிற தட்டையும் பக்கத்தில் சுற்றுகிற பெரிய சக்கரத்தையும் சேர்க்கிற கம்பி அது. இரண்டு நுனியிலும் திருகுவதற்கு மரை வெட்டியிருக்கும். மேல்நுனியில் ஒரு வளையமும் கீழ்நுனியில் ஒரு கிண்ணமும் திருகியிருக்கும். கீழ்நுனி மரையோடு முறிந்துவிட்டது. கொல்லுப்பட்டறையில் கொடுத்துப் பற்ற வைத்தோம். மறுநாளே அதே இடத்தில் விட்டது. புதுக் கம்பிக்கு மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். திண்டிவனத்தில் இரும்பு கடைகிற லேத் இருந்தது, ஆனால் கொடுத்த சாமான் எப்போது திரும்பும் என்பது லேத்காரருக்கே தெரியாது. இதற்குள் எதிர்க்கடை டெய்லர், "வேணும்னா துணிய இங்க அனுப்பச் சொல்லுங்க, நாம முடிச்சிக் குடுத்துடலாம்" என்று பெரிய மனது பண்ணிச் சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டதும் இவர் மீட்டர் கோலைக் கீழே வைத்தார்.

"லேத்தும் வாணாம், டெய்லரும் வாணாம். நானே மரை போட்டுடறேன்."

சுவரில் ஆணி அடிக்கவே என்னைக் கூப்பிடுகிற மனிதர். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது அவருக்கு.

கம்பிக்கு எங்கே போவது? கடை முன்னால் சேலைகளைத் தொங்கவிடும் இரும்புக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் ஓரத்தில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டு மீதியைத் திரும்ப மாட்டினார். சைக்கிள் கடையிலிருந்து கையால் சுற்றும் டிரில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், மரை வெட்டுகிற டை எல்லாம் இரவல் வந்தன. உடைந்த துண்டைக் கிண்ணத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்ததும் சைக்கிள் கடைக்காரர்தான். வைஸைப் பூட்ட எங்கள் வீட்டில் கெட்டியான மேஜை ஒன்றுதான் இருந்தது. நான் துணி வெட்டுகிற மேஜை.

"மேஜைல எண்ணெ பட்டுதுன்னா, அப்புறம் கல்யாணப் பொண்ணு எண்ணெ ரவிக்கதான் போடணும்" என்றேன். பழைய கோணியை விரித்தார். அதையும் கோணலாகத்தான் விரித்தார்.

மத்தியானம் கடை சாத்துகிற நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம். கோட்டை மலைப் பாறையெல்லாம் காய்ந்து அந்தச் சூடு தெருவுக்கே இறங்குகிற வேளை. சேலைக் கம்பி டைக்குள் நுழையாத தடிமன். நுனியை ராவிச் சன்னமாக்க வேண்டும், உருண்டையும் கெடக்கூடாது. லேத் என்றால் தானே சுற்றிக் கொடுக்கும். இங்கே டிரில்லை வைஸில் படுக்கவைத்து, அதன் வாயில் கம்பியைக் கொடுத்து, கைப்பிடியை நான் சுற்றினேன். சுற்றுகிற கம்பியின் மேல் இவர் அரத்தை அழுத்தினார். நான் வேகமாகச் சுற்றினால் "மெதுவா" என்பார், மெதுவாகச் சுற்றினால் "தூங்கிட்டியா" என்பார். சைக்கிள் கடை நட்டை வைத்து வைத்துப் பார்த்து, ஒருவழியாக நுனி அளவுக்கு வந்தது. டை சுலபமாகக் கவ்வட்டும் என்று முனையைக் கொஞ்சம் கூராகவும் ராவினோம்.

பிறகு மரை. டை என்பது உள்ளே பல் வைத்த இரும்பு வில்லை. நீளக் கைப்பிடியில் மாட்டி, கம்பி நுனியில் அழுத்தித் திருகினால் வெட்டிக்கொண்டே இறங்கும். கடலை எண்ணெய் விட்டு, இவர் ஆவேசமாகத் திருகினார். அரைச் சுற்று போனால் கொஞ்சம் பின்னால் திருப்பி இரும்புத் தூளை உடைக்க வேண்டும் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். பின்னால் போவது இவர் பரம்பரைக்கே பழக்கமில்லை. தூள் அடைத்து, டை சாய்ந்து, மரை கோணிக்கொண்டது. அதில் திருகிய நட்டு குடித்தவன் மாதிரி ஆடியது.

மறுநாள் மறுபடியும் சேலைக் கம்பி கீழே இறங்கியது. மறுபடியும் ஒரு துண்டு. சேலைகள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின. இந்தத் தடவை நான் என் எல் ஸ்கேலை எடுத்து வந்தேன். கழுத்து வெட்டக் கோடு போடுகிற ஸ்கேல். அதன் ஒரு கையைக் கம்பியோடும் இன்னொரு கையை டையின் முகத்தோடும் சேர்த்துப் பிடித்தேன். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் "உங்க பக்கம் எறங்குது" என்பேன், நிமிர்த்துவார். அரைச் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால். "பின்னால" என்று ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் "தெரியும்" என்றார். இரண்டு நுனியிலும் மரை பளிச்சென்று வந்தது. வளையமும் கிண்ணமும் கையாலேயே ஏறின.

மிஷினில் மாட்டி மிதித்தேன். சக்கரம் சுற்றியது. இவர் இடுப்பில் கைவைத்து நின்றார். அடுத்த சுற்றில் 'டக்'. ஒவ்வொரு சுற்றுக்கும் மிதிதட்டு கீழே போய்த் தரையில் இடித்தது. கம்பி நீளம்.

"எப்பிடி அளந்தீங்க?"

"ஒடஞ்ச கம்பிய மீட்டர் கோல்ல வெச்சிதான் அளந்தேன். ரெண்டு தடவ அளந்தேன்."

"எங்க, அளந்து காமிங்க."

கோலைக் கம்பியோடு சேர்த்து வைத்தார். கோலில் குறித்த இடத்துக்கு வந்தார். அங்கே கட்டைவிரலை வைத்தார். சாக்கட்டியால் விரலுக்கு அந்தப் பக்கம் கோடு போட்டார். போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் விரலைப் பார்த்தார்.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரும்புக்கும் மனசு நிறையணுமா என்று கேட்டேன். இவர் அரத்தையும் டையையும் எடுத்தார். கீழ்நுனியில் இன்னும் ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு ராவி, மரையை இறக்கி, அதிகப்படியானதை அறுத்துத் தள்ளினார். 'டக்' நின்றது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இன்னும் எதையாவது கழற்றியிருப்பார்.

விட்டுப்போன நாட்களைப் பிடிக்க மிஷினை ஓட்டோ ஓட்டென்று ஓட்டினேன். வியாழக்கிழமை காலையில் தையல் முடிந்துவிட்டது, கொக்கிகள் மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு முழுப் பகல் இருக்கிறது என்று நிம்மதியாக ஊசியில் நூலைக் கோக்கிறேன், அனந்தபுரத்து அம்மா வாசலில் வந்து நிற்கிறார்.

"நாளைக்கு இல்லீங்களா?" என்றேன்.

"துணி எடுத்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரரு சொன்னாரே. அவங்க வெள்ளின்னுதான் சொல்வாங்க, நீங்க வியாழக்கெழமையே வாங்க, முடிச்சி வெச்சிருப்பாங்கன்னு."

திரும்பிப் பார்த்தேன். இவர் அலமாரித் துணியை எண்ணிக்கொண்டிருப்பதுபோல நின்றார். அதே விரல். இந்தத் தடவை என் நாளில் ஒன்றை எடுத்து அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மீட்டர் கோல் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ரவிக்கைகளில் பாதியை எடுத்து இவர் கையில் திணித்து, ஊசியையும் நீட்டினேன். கொக்கி தைக்கப் பின்கட்டில் வெளிச்சம் போதாது. கடை முன்னால்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். பஜாரே பார்க்க, எதிர்க்கடை டெய்லர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுப் பார்க்க, ஜவுளிக்கடை முதலாளி பெண்பிள்ளை ரவிக்கைக்குக் கொக்கி தைத்தார்.

"இன்னாங்க, நீங்களுமா தைக்கறீங்க?" என்றார் அந்த அம்மா.

"கொக்கி மட்டும்தாங்க" என்றார் இவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "தையலெல்லாம் அவங்களுது. கல்யாணத் தையலு."

என் கோபம் அங்கேயே கரைந்துபோனது. நேரத்துக்குக் கொடுத்தனுப்பினோம்.

மழைக்காலம் கழிந்து அந்த அம்மா மறுபடி வந்தார், இரண்டாவது பெண்ணின் கல்யாணத் துணியோடு. ரவிக்கை எல்லாம் கச்சிதமாக இருந்ததாம். ஒரே ஒரு குறைதானாம். பாதி ரவிக்கைகளில் கொக்கியைச் சுற்றி நூல் உருண்டையாகத் திரண்டு, மாட்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டதாம்.

"இந்தத் தடவ கொக்கிய நீங்களே தைங்கம்மா" என்று என் காதோரமாகச் சொன்னார்.

சரி என்று தலையாட்டினேன். அந்தக் கல்யாணத்துக்கும் கொக்கியை இவர்தான் தைத்தார்.