வாறன் என்ற சொல்

"உன்ரை இத்தாலியன் பல்லரோச் சந்தையிலை மீன் விலை பேசக் காணும், பிள்ளை. இந்தக் கடதாசிக்குக் காணாது."

இத்தாலியப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவிலிருந்து பதிவுத் தபால் வந்த அன்று அப்பா சொன்னது இது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் படிக்கிறேன். நாங்கள் வசிக்கும் சீசாப் பகுதியில் எங்கள் கட்டடத்துத் தமிழர்களின் கடதாசிகளையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்கிறேன். கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் முன், அப்பாவுக்கு முன்பு கொடுத்த அடைக்கலத்தை மீண்டும் ஆராயப் போகிறார்களாம். ஊரில் போர்க்காலத்தில் அவர் துப்பாக்கி ஏந்தியது கட்டாயத்திலா, விருப்பத்திலா என்பதில் சந்தேகம் வந்திருக்கிறது.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"திரும்பக் கதைக்கக் கூப்பிடுகினம்."

"அனுப்பிப் போடுவினமோ?"

நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

வியா மக்வேதா வீதியில் செருப்புக்கடைக்கு மேலே இருக்கும் வழக்கறிஞரிடம், அப்பாவின் பழைய அடைக்கல விசாரணைப் பதிவின் பிரதி இருந்தது. பேருந்தில் நின்றபடியே வாசித்தேன். அப்பா முகாமைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. அதனால் அவருடைய முகாமை நான் முதன்முதலில் இத்தாலிய மொழியில்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்தபோது அவரையும் கொண்டுபோனார்கள். மரங்களுக்குக் கீழே தறப்பாள் கூரை. காலையில் ஓட்டம், பகலில் பதுங்குகுழி வெட்டு, பிறகு சென்றி, அதாவது காவல். வெள்ளிக்கிழமைகளில் அம்மா இரண்டு வயதான என்னைத் தூக்கிக்கொண்டு வருவார். முள்வேலிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அப்பா. புட்டுப் பொதியை ஒருவர் தடியால் கிளறிப் பார்த்த பிறகே கொடுப்பார்கள். எனக்குச் சிறுத்துப்போன சட்டை ஒன்றை அம்மா கொடுத்திருக்கிறார். "அந்தச் சட்டையால் துப்பாக்கியைத் துடைப்பேன்" என்று பதிவில் இருந்தது. அந்த வரியில் நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

அடுத்த பக்கத்தில்: "குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்." அந்த 'திரும்பி வருவேன்' என்ற சொல்லின் கீழே யாரோ இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார்கள். விருப்பமில்லாதவன் ஏன் திரும்பி வருவதாகச் சொல்கிறான்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சொல்லியிருப்பது வெறும் "வாறன்", அதாவது வருகிறேன். எங்கள் வீட்டில் குப்பை போடப் போனாலும் "வாறன்" என்றுதான் படியிறங்குவோம். "போறன்" என்றால் சாகப் போவது போல. அதை அன்றைய மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார். நான் ஒரு பக்க விளக்கம் எழுதினேன்: இது விடைபெறும் சொல், திரும்பும் எண்ணம் இதில் இல்லை. கையெழுத்திட்டு வழக்கறிஞரிடம் கொடுத்தேன். "பிராவா!" என்று பாராட்டினார் அவர். அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். மாடிப்படி துடைக்கும் வேலைக்குரிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"முகாம் பொறுப்பாளரிட்டை வாறன் எண்டு சும்மா தானே சொன்னனீங்கள், அப்பா?"

"அவரிட்டையோ? அவருக்குத் தலையாட்டினதோடை சரி."

"அப்ப ஆரிட்டைச் சொன்னனீங்கள்?"

"என்ரை சென்றியைப் பாக்க நிண்டவனிட்டை. ரெண்டு நாள் பார் மச்சான், வாறன் எண்டனான். 'வராட்டி உன்ரை சோத்தையும் நான்தான் தின்னுவன்' எண்டு சிரிச்சவன்."

"அவர் இப்ப எங்கை?"

"மூண்டாம் நாள் அந்தச் சென்றியிலை செல் விழுந்து வெடிச்சது."

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா வெளியே வரவில்லை.

"அது சும்மா சொன்ன வாறன் இல்லை, பிள்ளை. திரும்பிப் போகத்தான் இருந்தனான். காய்ச்சலோடை நீ என்ரை சேட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. போகேல்லை."

"இதை அங்கை சொல்லாதேங்கோ. பெர்மெஸ்ஸோ போயிடும்."

"கேட்டால் சொல்லுவன். அவனைப் பற்றிப் பொய் சொல்ல ஏலாது." துணியை மீண்டும் விரித்து மடித்தார். "நீ படிச்சனி. அந்த வாறனுக்கு இத்தாலியன்லை என்ன, சொல்லு பாப்பம்."

விசாரணையில் அவர் ஒன்று சொல்ல, என் தாள் வேறொன்று சொன்னால் பொய்யர் என்ற பெயர் அவருக்குத்தான் விழும். அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. வழக்கறிஞரிடம் முதல் தாளைத் திருப்பி வாங்கினேன். புதியதில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன்: விடைபெறும் வாறன், வாக்குக் கொடுக்கும் வாறன், சென்றியில் நின்றவர், காய்ச்சலில் கிடந்த பிள்ளை, அதன்பின் அப்பா முகாமுக்குத் திரும்பவே இல்லை என்பது. வழக்கறிஞர் இரண்டு தடவை வாசித்தார். இந்த முறை பிராவா சொல்லவில்லை.

"நன்றாக யோசித்தாயா? இது எங்களுக்கு எதிராகவும் போகலாம்."

"ஆம், யோசித்துவிட்டேன்" என்றேன். அவர் முத்திரையைக் குத்தினார். பிரதி என் பையில் இருக்கிறது. விசாரணை வியாழக்கிழமை.