வரைபடத்தில் ஒரு கிணறு

என் மகளின் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் டீச்சர் ஒல்லியானவர், காதோரம் நரைத்தவர். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் நடந்ததைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார். பிள்ளைகள் சொன்னதைத் திருத்தாமல் அப்படியே போடுவார்.

ஒரு வாரம், பிள்ளைகள் தங்கள் தெருவை வரைந்த வரைபடங்களை அனுப்பியிருந்தார். திருநின்றவூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மூன்று பேர் அந்த வகுப்பில் படித்தார்கள். மூவருமே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கிணறு வரைந்திருந்தார்கள். அங்கே கிணறே கிடையாது.

திங்களன்று பள்ளிக்குப் போனேன். "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா மேடம்?"

"இல்ல சார். தனித்தனியா உக்காந்துதான் வரைஞ்சாங்க. கேட்டா, 'அங்கதான மிஸ் இருக்கு'ன்றாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் காரைத் தள்ளி நிறுத்துங்க" என்றார்.

குடியிருப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனாலும் காரைத் தள்ளி நிறுத்தினேன். ஐப்பசி மழையில் ஒரு காலை அந்தத் தரை உள்ளே இறங்கியது. கீழே வட்டமாகக் கல் கட்டு, கறுப்புத் தண்ணீர்.

டீச்சருக்கு உடனே போன் செய்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பிள்ளைங்க யாரும் பக்கத்துல போகலையே?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அதை நான் அவங்ககிட்ட கேக்கல சார். கேக்க பயமா இருந்துச்சு" என்றார்.